எதிரணியில் ஒரு நண்பன்

இருவர் உள்ளம் ஒன்றுபடுவதே நட்பு என்று அறநூல்கள் கூறும். ஒருவன் இன்பம் மற்றவனுக்கும் இன்பமாதலும், ஒருவன் துன்பம் மற்றவனுக்கும் துன்பமாதலுமே அதன் இலக்கணம். அங்ஙனமாயின், ஒருவனுடைய இன்பமே மற்றவனுக்குத் துன்பமாகும் ஓர் இடத்திற்கு இரு நண்பர்கள் தாமே விரும்பி, பொருள் செலவிட்டு, நெடுந்தொலைவு பயணம் செய்து, ஒருவர் அருகில் ஒருவர் அமர்வார்களானால், அதனை என்னென்பது? அவர்கள் நட்பைச் சோதிக்கச் செல்கின்றனரா? அன்றி, நட்பின் இலக்கணத்தை இன்னும் ஆழமாக அறியச் செல்கின்றனரா?

அமெரிக்க நாட்டில் இத்தகைய பயணம் புதுமையன்று. நியூயார்க்கிலிருந்து பாஸ்டன் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நியூயார்க் யாங்கீஸ் அணியிடம் பற்றுக்கொண்ட ஒருவனும், பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியிடம் பற்றுக்கொண்ட ஒருவனும் ஒரே அலுவலகத்தில் பணிபுரியும் நண்பர்கள் எனக் கொள்க. கோடைக்காலத்து விடுமுறை நாளொன்றில் இருவரும் பேருந்தேறிப் பாஸ்டன் சென்று, 1912 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு இன்றும் ஆட்டம் நிகழும் ஃபென்வே பார்க் அரங்கில் பேஸ்பால் ஆட்டம் காண்கின்றனர். பேருந்தில் ஒரே பொட்டலத்து உணவைப் பகிர்ந்துண்டவர்கள், அரங்கினுள் நுழைந்ததும் இரு வேறு நிறத் தொப்பிகளை அணிந்துகொள்கின்றனர்.

இவ்விரு நகரங்களின் பகைமை பழைமையானது. பேப் ரூத் என்னும் பெரும் வீரரைப் பாஸ்டன் அணி நியூயார்க் அணிக்கு விற்ற செய்தி 1920 ஆம் ஆண்டு சனவரியில் வெளியாயிற்று. 1918 இல் இறுதி வெற்றி பெற்றிருந்த பாஸ்டன் அணி, அதன்பின் 86 ஆண்டுகள் அவ்வெற்றியைச் சுவைக்கவில்லை. தந்தையர் காத்திருந்தனர், மைந்தர் காத்திருந்தனர், காத்திருந்தே பலர் மறைந்தனர். 2004 ஆம் ஆண்டில் நியூயார்க் அணியிடம் முதல் மூன்று ஆட்டங்களைத் தோற்று, மூன்றாவதில் சொந்த அரங்கிலேயே 19-8 என்று நசுக்கப்பட்டு, பின்னர் அடுத்த நான்கையும் தொடர்ந்து வென்று மீண்டது பாஸ்டன். அவ்வாண்டே இறுதி வெற்றியும் பெற்றது. ஒரு நகரம் ஆனந்தக் கண்ணீர் வடித்த அதே இரவில், மற்றொரு நகரம் தலைகுனிந்து அமர்ந்திருந்தது.

இங்கேதான் அறத்தின் வினா எழுகின்றது. தன் அணி வெல்லவேண்டும் என விரும்புபவன், அருகிலிருக்கும் நண்பனின் அணி தோற்கவேண்டும் என்றும் விரும்பியே ஆகவேண்டும். ஒரே ஆட்டத்தில் இருவரும் வெல்லுதல் இயலாது. அவ்வாறெனின், நண்பனின் துயரத்தை வேண்டி நிற்கும் நெஞ்சம் நட்பு நெஞ்சமாகுமா?

ஆகாது என்று உரைப்போர் உண்டு. வள்ளுவர் நடுவுநிலைமைக்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்தார்; எல்லா ஊரையும் தன் ஊராகக் கண்டார் கணியன் பூங்குன்றனார். அத்தகைய உயர்நோக்கின்முன், பிறந்த ஊர் என்னும் ஒரே காரணத்திற்காக ஓர் அணியைப் போற்றி மற்றோர் அணியைத் தூற்றுவது சிறுமையன்றோ என்பது அவர்தம் வாதம். ஆடுவோரின் திறமையை யார் பக்கமும் சாராது சுவைப்பவனே உயர்ந்த சுவைஞன் என்பர். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆட்டத்தில் தோன்றும் சிறு பகையே இன வெறிக்கும் நாட்டு வெறிக்கும் நாற்றங்காலாக அமைதல் உண்டு.

2011 ஆம் ஆண்டு மார்ச் 31 ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. சான் பிரான்சிஸ்கோ அணியின் ஆதரவாளர் ஒருவர் நண்பர்களுடன் அந்நகருக்குச் சென்று, ஆட்டம் கண்டு திரும்பும் வேளையில், அரங்கின் வாகன நிறுத்துமிடத்தில் அடித்து வீழ்த்தப்பட்டார். மூளையில் கடுங்காயமுற்று நெடுங்காலம் மருத்துவமனையில் கிடந்தார். எதிரணியின் சட்டையை அணிந்து வந்திருந்தார் என்பதைத் தவிர அவர்மேல் என்ன குற்றம்? விளையாட்டு என்னும் சொல்லுக்கே இழுக்காக முடிந்த மாலை அது.

எனினும், நோயுற்ற உறுப்பைக் கண்டு உடலையே வெறுப்பது மருத்துவமாகாது. பக்கம் சாராமை எல்லா இடத்தும் அறமாகிவிடுமா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தீர்ப்பு வழங்கும் இடத்தில் நடுநிலை பேரறம். நடுவர் ஒரு பக்கம் சாய்ந்தால் ஆட்டமே அழியும். ஆனால், காண்பவன் நடுவன் அல்லன். தாய் தன் மகன் ஓடும் பந்தயத்தில் நடுநிலை காப்பதில்லை. காக்கவேண்டும் என எவரும் எதிர்பார்ப்பதும் இல்லை. அவள் மகன் முந்தவேண்டும் என்று விரும்புகின்றாள். பக்கத்து வீட்டுச் சிறுவன் இடறி விழவேண்டும் என்று விரும்புவதில்லை. இவ்விரண்டு விருப்பங்களுக்கும் இடையே உள்ள தொலைவே பற்றுக்கும் பகைக்கும் இடையே உள்ள தொலைவாகும். எதிரணியின் சிறந்த வீரன் காயமுற்று வெளியேறும்போது ஒருவன் உள்ளம் மகிழுமாயின், அவன் அந்தத் தொலைவைக் கடந்துவிட்டான் என்பது பொருள். அவ்வீரன் முழு வலிமையோடு நின்று ஆடி, அவனையும் தன் அணி வெல்லவேண்டும் என விரும்புவானாயின், அவன் இன்னும் அறத்தின் எல்லைக்குள் நிற்கின்றான்.

இந்த வேறுபாட்டைப் பேஸ்பால் ஆட்டத்தின் விதிகளும் வழக்கங்களும் தம் அளவில் உணர்த்துகின்றன. வெளியூரிலிருந்து வந்த அணியே முதலில் மட்டை பிடிக்கும். உள்ளூர் அணி அதன் பின்னரே ஆடும். ஒன்பதாம் சுற்றில் வந்த அணி ஆடி முடித்ததும் உள்ளூர் அணி முன்னணியில் இருக்குமாயின், ஆட்டம் அத்துடன் நின்றுவிடும். வெற்றி உறுதியான பின்னரும் ஓட்டங்களைக் குவித்து, வீழ்ந்தவனை மேலும் வீழ்த்த அங்கே இடமில்லை. ஆட்டப் பலகையில் இரு அணிகளின் ஓட்டங்களோடு, அவை செய்த பிழைகளின் எண்ணிக்கையும் அனைவரும் காண எழுதப்படும். தன் பிழையை ஊரறிய ஒப்புக்கொண்டு மீண்டும் களத்தில் நிற்பவனே வீரன். ஏழாம் சுற்றின் நடுவில் அரங்கிலுள்ள அனைவரும் தொப்பியின் நிறம் பாராது எழுந்து நின்று ஒரே பாடலைப் பாடும் வழக்கமும் உண்டு. ஆண்டொன்றில் ஓர் அணி 162 ஆட்டங்கள் ஆடவேண்டும். அவற்றுள் 100 ஆட்டங்களை வென்ற அணியைப் பேரணி எனப் போற்றுவர். அப்பேரணியும் 62 நாட்கள் தோற்று வீடு திரும்பிய அணியே. தோல்வியை இழிவாகக் கருதுபவனால் இவ்வாட்டத்தை ஒரு திங்களும் தொடர்ந்து காண இயலாது.

ஆயினும் விதிகளால் மட்டும் மனிதன் பண்படுவதில்லை. பயணமே அவனைப் பண்படுத்துகின்றது. சொந்த ஊர் அரங்கில் அமர்ந்திருப்பவன் பெரும்பான்மையின் கதகதப்பில் இருக்கின்றான். சுற்றிலும் முப்பதினாயிரம் குரல்கள் அவன் குரலாகவே ஒலிக்கின்றன. அங்கே துணிவும் தேவையில்லை, அடக்கமும் தேவையில்லை. மாற்றார் ஊரில் அமரும்போதோ, அவன் ஒருவனாகிவிடுகின்றான். தான் கைதட்டும் வேளையில் சுற்றுமுற்றும் அமைதி நிலவுவதையும், தான் வருந்தும் வேளையில் உலகமே ஆர்ப்பரிப்பதையும் உணர்கின்றான். சிறுபான்மையாய் இருப்பது இன்னதென்று மூன்று மணி நேரமேனும் அறிந்துகொள்கின்றான். முன் இருக்கையில் பேரனுக்கு ஆட்டக் குறிப்பு எழுதக் கற்றுத்தரும் முதியவர் எதிரணியைச் சேர்ந்தவர். வழி தெரியாது நின்றபோது இருக்கையைக் காட்டியவரும் எதிரணியைச் சேர்ந்தவரே. அதுவரை ஒரு நிறமாக மட்டும் தோன்றிய எதிரணிக்கு மனித முகங்கள் முளைக்கின்றன.

அந்நிலையில் அருகிலிருக்கும் நண்பனின் கடமை என்ன? அவன் ஊர் அது. அவன் கூட்டம் அது. கூட்டத்தோடு சேர்ந்து நண்பனை எள்ளி நகையாடுவது மிக எளிது. அமெரிக்கப் பேஸ்பால் வரலாறு இவ்வினாவிற்குக் கடுமையானதொரு வடிவத்தை முன்னரே தந்திருக்கின்றது. 1947 ஆம் ஆண்டு ஏப்ரல் 15 ஆம் நாள், அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கறுப்பினத்தவருக்கு அடைக்கப்பட்டிருந்த பெருங்கழக ஆட்டத்தில் ஜேக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் கால்பதித்தார். வெளியூர்ப் பயணங்களே அவருக்குப் பெருஞ்சோதனையாயின. அணியினர் ஒன்றாகப் பயணம் செய்தனர், ஒன்றாக ஆடினர், ஆனால் சில நகரங்களில் ஒரே கூரையின்கீழ் உறங்க இயலவில்லை. வெள்ளையருக்குத் திறந்த விடுதிக் கதவு அவருக்குத் திறக்கவில்லை.

ராபின்சன் வருவதற்கு எதிராக அணிக்குள்ளேயே சிலர் மனு ஒன்றைத் தயாரித்தபோது, தென்பகுதியாகிய கெண்டக்கியைச் சேர்ந்த பீ வீ ரீஸ் அதில் கையெழுத்திட மறுத்தார். தன் இனம், தன் ஊர், தன் வளர்ப்பு ஆகிய மூன்றும் ஒரு பக்கம் இழுக்க, அவர் தோழமையின் பக்கம் நின்றார். கூட்டம் இழிமொழி கூறிய வேளையில் அவர் ராபின்சனின் தோள்மேல் கைபோட்டு நின்றதாகக் கூறப்படும் காட்சி, 2005 ஆம் ஆண்டில் புரூக்ளினில் சிலையாக நிறுவப்பட்டது. அந்நிகழ்ச்சியின் நாளும் இடமும் குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கையெழுத்திட மறுத்ததோ ஐயத்திற்கு இடமின்றி நிகழ்ந்தது. தோள்மேல் விழுந்த கையினும், தாளின்மேல் விழாத கையெழுத்தே பெரிது எனலாம். ஊரார் பார்க்க நண்பனாய் இருத்தல் ஒரு சிறப்பு. தன்னைச் சேர்ந்தோர் நடுவே, நண்பன் இல்லாத இடத்தில் நண்பனாய் இருத்தல் அதனினும் பெருஞ்சிறப்பு.

தமிழ் மரபும் இதனை அறிந்தே இருந்தது. கோப்பெருஞ்சோழன் சோழநாட்டு மன்னன். பிசிராந்தையார் பாண்டிய நாட்டுப் புலவர். இருவேறு கொடிகளின்கீழ் வாழ்ந்த இருவரை நட்புக்கு இலக்கணமாக முன்னோர் போற்றினர். நண்பன் தன் நாட்டைத் துறந்து வரவேண்டும் என எவரும் கேட்கவில்லை. உரிய வேளையில் பிசிராந்தையார் சோழநாடு சென்று மன்னன் அருகில் அமர்ந்தார், அதுவே போதுமானதாயிற்று. 1977 ஆம் ஆண்டு மே மாதம் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் சிங்கப்பூர் அணி பினாங்கு அணியை 3-2 என வென்று மலேசியக் கிண்ணம் பெற்றதை நினைவில் கொண்டோருக்கும், பாலம் கடந்து சென்று மாற்றார் அரங்கில் அமர்வதன் இன்பமும் கூச்சமும் விளங்காத செய்தியன்று.

பகைமை எத்துணைப் பழைமையானதாயினும் அதன்கீழ் ஓடும் ஈரம் வற்றிவிடுவதில்லை. 2013 ஆம் ஆண்டு ஏப்ரல் 15 ஆம் நாள் பாஸ்டன் நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தில் குண்டுகள் வெடித்து உயிர்கள் பலியாயின. மறுநாள் நியூயார்க் யாங்கீஸ் அரங்கில் நிகழ்ந்தது அரிசோனா அணியுடனான ஆட்டம். பாஸ்டன் அணி அங்கே இல்லை. ஆயினும், பாஸ்டன் அரங்கில் வழக்கமாக ஒலிக்கும் பாடல் அன்று நியூயார்க் அரங்கில் ஒலிபரப்பப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் எள்ளி வந்த ஊரின் பாடலை நியூயார்க் மக்கள் பாடினர். அதனால் அவர்கள் தங்கள் அணியைக் கைவிட்டவர்கள் ஆகிவிடவில்லை. எதிரணி வாழ்ந்தாலன்றித் தம் அணிக்கு ஆட்டமே இல்லை என்பதை அன்று உணர்ந்தார்கள்.

ஆட்டம் முடிகின்றது. விளக்குகள் அணைகின்றன. இருவரும் மீண்டும் பேருந்தில் அமர்கின்றனர். ஒருவன் வென்றவன்; மற்றவன் தோற்றவன். அரங்கில் ஆரவாரம் அவர்களைத் தாங்கிற்று. இப்போது நான்கு மணி நேர இருள் முன்னே கிடக்கின்றது. வென்றவன் வாய்விட்டு மகிழலாம்; அது அவன் உரிமை. ஆயினும் அவன் ஆட்டத்தைப்பற்றிப் பேசத் தொடங்கும்போது, நண்பனின் அணியில் அன்று அழகாகப் பந்தைப் பிடித்த ஒருவனைப் பற்றி முதலில் பேசுவானாயின், அது நாகரிகம். தோற்றவன் முகம் திருப்பிச் சன்னலை நோக்கலாம், அதுவும் இயல்பே. ஆயினும் சிறிது நேரத்தில் திரும்பி, "அடுத்த முறை எங்கள் ஊரில்" என்று கூறுவானாயின், அது பெருந்தன்மை.

நண்பனின் தோல்வியை விரும்பும் நெஞ்சம் நட்பு நெஞ்சமாகுமா என்னும் வினாவிற்கு விடை அரங்கினுள் இல்லை. திரும்பும் வழியில் இருக்கின்றது. ஒருவன் இன்பம் மற்றவனுக்குத் துன்பமாகும் நாளிலும் இருவரும் ஒரே வண்டியில் வீடு திரும்ப விரும்புவார்களானால், அவர்களுடைய நட்பு எந்த அணியும் வெல்லாத, எந்த அணியும் தோற்காத ஓரிடத்தில் வேரூன்றியிருக்கின்றது என்பதே பொருள்.