தனுவும் புவனமும்

காந்த அதிர்வுப் படம் எடுக்குமுன், உள்ளுறுப்புகள் தெளிவாகத் துலங்கும்பொருட்டு நரம்பின் வழியே ஏற்றப்படும் காடோலினியம் என்னும் உலோகம், தனித்து நின்றால் கால்சியத்தின் இடத்தைக் கவர்ந்து கேடு விளைக்கும் சுபாவமுடையதாதலால், வேறொரு மூலக்கூறின் பிடியில் கட்டுண்டே சரீரத்துள் செல்கிறது. சிறுநீரகம் செவ்வனே தொழிற்படுவோரிடத்தில் அதன் பெரும்பகுதி 24 மணி நேரத்துக்குள் கழிந்தும் விடுகிறது. எஞ்சுவதைப் பற்றி நெடுங்காலம் எவரும் கவலையுறவில்லை. 2006-இல், சிறுநீரகம் பழுதுற்றோரின் தோலை இறுகச் செய்யும் கொடிய நோயோடு அதற்குள்ள தொடர்பு வெளிப்பட்டது. 2014-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர், பன்முறை இம்மருந்தேற்றவர்களின் மூளையில் அது தங்கியதைக் காட்டும் அடையாளங்களைக் கண்டனர். சிறுநீரகம் நலமாயுள்ளோர்க்கு மூளையில் தங்கிய அவ்வணுக்களால் தீங்கு நேர்ந்ததென்பது நிரூபணமாகவில்லை.

ஆயினும், தீங்கு உண்டா இல்லையா என்பதோடு விசாரணை முடிந்துவிடுமா? நாம் வேண்டாததும் அறியாததுமான ஒரு தாது எலும்பினுள் குடியேறிவிட்டால், அது நம்மைச் சேர்ந்ததா, புறத்தே நிற்பதா? தனு என்னும் உடல், கரணம் என்னும் கருவி, புவனம் என்னும் உலகு, போகம் என்னும் நுகர்ச்சி ஆகிய நான்கும் மாயையினின்று தோன்றி ஆன்மாவுக்கு அளிக்கப்பட்டவை என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. உடலும் உலகும் ஒரே மூலத்தின் காரியங்களாயின், இரண்டுக்கும் இடையே தோலை மதிலாகக் கொண்டு, உள்ளே இருப்பதனைத்தும் நான், வெளியே இருப்பதனைத்தும் பிறிது என்று நாம் வகுத்துக்கொண்ட எல்லை வெறும் வழக்கமேயன்றித் தத்துவமன்று. கழிந்துபோன உலோகமும் இதற்குச் சாட்சி: 1996-இல் பாவ், துல்ஸ்கி என்னும் அறிஞர் இருவர், ஜெர்மனியின் ஆறுகளில் இயற்கையளவை மிஞ்சிய காடோலினியம் இருப்பதையும், அது படமெடுக்கப்பட்ட நோயாளிகளின் உடலினின்று கழிவுநீர் வழியே வந்ததையும் எடுத்துக்காட்டினர். ஒருவரது தனுவிலிருந்து நீங்கியது எல்லார்க்கும் உரிய புவனத்தில் தங்கிவிட்டது.

உடம்பு ஆன்மாவன்று, ஆகவே அதில் எது தங்கினாலென்ன என்று வாதிப்பார் உளர். எனக்கு இவ்வாதம் சற்றும் உடன்பாடன்று. தன்னைப் பிணித்த மலமாகிய அழுக்கு நீங்குவதற்கென்று ஆன்மாவுக்குக் கிடைத்த சாதனம் உடம்பு. அதனைப் பேணாதொழிதல் வைராக்கியமாகாது. மூளைக்கட்டியின் எல்லையைக் காண வேண்டியவர்க்கு இம்மருந்து பேருபகாரமானது. அவர் அஞ்சி அதனை மறுத்தல் தகாது. ஆனால் தம்முள் என்ன எஞ்சக்கூடுமென்பதை அவர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். உலோகத்தைத் தளர்வாகப் பற்றும் மருந்துகள் சிலவற்றை ஐரோப்பா 2017-இல் நிறுத்திவைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க அரசாங்கம், உடலில் இவ்வுலோகம் எஞ்சுவதை விளக்கும் பத்திரம் நோயாளியின் கைக்குச் சேர வேண்டுமென விதித்தது.