ஆழ்மனத்தோடு உரையாடல்: மும்பைத் தமிழர் வாழ்வை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

மனத்துயர் கொண்ட ஒருவரிடம், 'உன் ஆழ்மனத்தைச் சரிசெய்துகொள். எல்லாம் சரியாகிவிடும்' என்று கூறுவது இன்று பெருவழக்காகிவிட்டது. தன்முன்னேற்ற நூல்களும் பயிற்சி வகுப்புகளும் இக்கருத்தை ஊர்தோறும் பரப்பியுள்ளன. இவ்வறிவுரை எந்த அளவிற்கு உண்மை என்பது உளவியல் வினா. அதனை யார், யாரிடம், எந்நிலையில் கூறலாம் என்பது அறவியல் வினா. இவ்விரண்டாம் வினாவை மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழர் சூழலில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரே மொழியினர், ஒரே நகரில், சில கிலோமீட்டர் இடைவெளியில், பெரிதும் வேறுபட்ட நிலைகளில் வாழும் பகுதிகள் இவை. ஒரே அறிவுரை இடத்திற்கேற்ப எவ்வாறு வேறு பொருள் கொள்கிறது என்பதைக் காண்பதற்கு இவை ஏற்ற களமாகும்.

சொல்லும் பொருளும்

ஆழ்மனம், அடிமனம், உள்மனம், நனவிலி மனம் ஆகிய சொற்கள் தமிழில் பெரும்பாலும் ஒருபொருட் சொற்களாகவே ஆளப்படுகின்றன. எனினும் இவற்றின் பின்னணியில் இருவேறு கருத்தோட்டங்கள் உள்ளன. சிக்மண்ட் ஃபிராய்டு கூறிய நனவிலி என்பது, நாம் ஏற்க மறுத்து ஒதுக்கிய விருப்பங்களும் அச்சங்களும் உறைந்து கிடக்கும் இடமாகும். கனவு, நாப்பிழை, உடல் நோய்க்குறி ஆகிய வடிவங்களில் அது மறைமுகமாகப் பேசுகிறது. இந்தியாவில் இச்சிந்தனையை வேரூன்றச் செய்தவர் கிரீந்திரசேகர் போஸ். 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவிய அவர், ஃபிராய்டோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர். அவர் கருத்துகளோடு மாறுபடவும் தயங்காதவர்.

மற்றொரு கருத்தோட்டத்தில் ஆழ்மனம் என்பது ஆணைக்குக் காத்திருக்கும் ஆற்றற்களஞ்சியமாகும். தாம் நாள்தோறும் மேம்பட்டு வருவதாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளுமாறு பிரெஞ்சு நாட்டவரான எமில் குவே கற்பித்த முறையிலும், 1963இல் வெளிவந்து பின்னர்த் தமிழ் உட்படப் பல மொழிகளில் பரவிய ஜோசப் மர்ஃபியின் நூலிலும் இக்கருத்தைக் காணலாம். முன்னதில் ஆழ்மனம் கேட்கப்பட வேண்டியது. பின்னதில் அது கட்டளையிடப்பட வேண்டியது. இவ்வேறுபாட்டைத் தெளிந்துகொள்வது இவ்வாய்விற்கு இன்றியமையாததாகும்.

ஆணையிடுதலின் எல்லை

கட்டளை முறையைச் சோதித்த உளவியலாய்வுகள் கவனத்திற்குரியன. ஓர் எண்ணத்தை நினைக்காதே என்று தடுக்கும்போது அது மேலும் வலுவாக மீள்கிறது என்பதை டேனியல் வெக்னரும் உடனாய்வாளர்களும் 1987இல் காட்டினர். வெண்கரடியை நினைக்க வேண்டா என்று பணிக்கப்பட்டவர்களால் அதனை நினையாதிருக்க இயலவில்லை. தடை நீங்கிய பின்னரோ அவர்கள் அதனையே மிகுதியாக நினைத்தனர். ஜோன் வுட்டும் உடனாய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. தான் அன்பிற்குரியவர் என்ற நேர்மறைத் தொடரைத் திரும்பச் சொன்னபோது, தன்மதிப்பு மிக்கவர்கள் சற்றே நலம் பெற்றனர். தன்மதிப்புக் குன்றியவர்களோ முன்னினும் தாழ்ந்த மனநிலையை அடைந்தனர். யாருக்கு இம்மருந்து மிகவும் தேவையோ அவருக்கே அது தீங்கு செய்கிறது. வாய் சொல்வதற்கும் நெஞ்சு அறிந்ததற்கும் உள்ள இடைவெளியை அத்தொடர் ஒவ்வொரு முறையும் நினைவூட்டுவதே இதற்குக் காரணம் எனலாம்.

இதற்கு மாறாக, துயரைப் பெயரிட்டுச் சொல்லும் முறைக்குச் சான்றுகள் உள்ளன. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தம் வாழ்வின் கொடிய நிகழ்வுகளைத் தொடர்ந்து நான்கு நாள்கள், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடங்கள் எழுதினர். எழுதிய உடனே அவர்களின் வருத்தம் மிகுந்தது. ஆயினும் நிகழ்வையும் உணர்வையும் சேர்த்து எழுதியோர் பின்வந்த மாதங்களில் மருத்துவ மையத்தை நாடியது குறைந்தது. பின்னர் நடந்த பல ஆய்வுகள் இப்பயன் சிறிதளவினதே என்று காட்டியுள்ளன. எனினும் பயனின் திசை தெளிவானது: அடக்குவதைவிடச் சொல்லுவது நன்று.

நெஞ்சொடு கிளத்தல்

தமிழ் மரபு இவ்விரு வழிகளுள் எதனைச் சார்ந்தது? திருக்குறளின் காமத்துப்பாலில் 'நெஞ்சொடு கிளத்தல்', 'நெஞ்சொடு புலத்தல்' என ஈரதிகாரங்கள் உள்ளன. முன்னதில் தலைவி தன் நோய்க்கு மருந்தொன்று ஆய்ந்து சொல்லும்படி நெஞ்சையே கேட்கிறாள்; அன்பில்லாதவருக்காக நீ வருந்துவது பேதைமை என்று அதனைக் கடிந்தும் கொள்கிறாள். பின்னதில், அவர் நெஞ்சு அவருக்குத் துணைநிற்க, என் நெஞ்சு மட்டும் எனக்குத் துணையாகாதது ஏன் என்று வினவுகிறாள். தன் நெஞ்சு தன் சொற்படி நடப்பதில்லை என்ற உண்மை இங்கு வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. 'கனவுநிலை உரைத்தல்' அதிகாரத்தில், காதலரின் தூதோடு வந்த கனவுக்கு என்ன விருந்து செய்வேன் என்று தலைவி எண்ணுகிறாள்.

வள்ளுவர் நனவிலிக் கொள்கையை முன்னரே கூறிவிட்டார் என்று நிறுவுவது இங்கு நோக்கமன்று. அத்தகைய ஒப்பீடுகள் இரு தரப்புக்கும் நீதி செய்வதில்லை. நெஞ்சோடு கொள்ளும் உறவின் தன்மையே இங்குக் கருதத்தக்கது. தலைவி தன் நெஞ்சைக் கேட்கிறாள், இடித்துரைக்கிறாள், அதனோடு ஊடுகிறாள். அதனை ஏவலாளாக நடத்துவதில்லை. கனவும் அவளுக்கு விருந்தினராகவே வருகிறது.

ஒப்பாரி இம்மரபின் மக்கள் வடிவமாகும். தமிழகத்தில் களப்பணி செய்து 2005இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-தெசே, ஒப்பாரி பாடும் பெண்கள் இறந்தவரைக் காட்டிலும் தம் சொந்த இழப்புகளையே பாடுகின்றனர் என்று காட்டினார். பிறந்த வீட்டை இழந்தது, கணவன் வீட்டில் பட்டது என நேரில் சொல்ல இயலாதவை இழவு வீட்டில் சொல்லப்படுகின்றன. அதைக் கேட்பதற்கு அங்கே ஒரு கூட்டமும் இருக்கிறது. சொல்வதற்கு ஒரு வடிவமும் கேட்பதற்கு ஆள்களும் ஒருங்கே அமைவதே இதன் வலிமையாகும்.

தாராவி எழுப்பும் வினா

திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் வந்து குடியேறியோரின் வழியினர் தாராவித் தமிழருள் பெரும்பகுதியினர். ஏறத்தாழ இரண்டு சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் பல இலட்சம் மக்கள் வாழும் இப்பகுதியில் தனியே அமர்ந்து அழுவதற்கும் இடமில்லை. 1966இல் தோன்றிய சிவசேனை தென்னிந்தியருக்கு எதிராக நடத்திய இயக்கம், 1992-93 கலவரங்கள், 2020இன் பெருந்தொற்று ஆகியவை இம்மக்களின் நினைவில் படிந்துள்ளன.

இவற்றோடு வீடு குறித்த கவலையும் சேர்கிறது. 2004 முதல் பேசப்பட்டு, 2022இல் ஒப்பந்தப்புள்ளி முடிவாகிய மறுவளர்ச்சித் திட்டத்தில், 2000 சனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பதைச் சான்றுகளால் மெய்ப்பிப்போர்க்கே தாராவியிலேயே வீடு என்பது வரையறை. பின்னர் வந்தோர்க்கும் மேல்தளத்தில் வாழ்வோர்க்கும் தாராவிக்கு வெளியிலேயே இடம் கூறப்பட்டது. பழைய மின்கட்டணச் சீட்டு ஒன்று கிடைக்காமையால் உறக்கமிழந்த ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். 'உன் அச்சம் ஆழ்மனத்தில் உள்ளது' என்று அவரிடம் கூறுவது எவ்வகையில் அறமாகும்? அவர் அச்சத்தின் வேர் அரசாணையில் உள்ளது. புறத்தே உள்ள காரணத்தை அகத்தே இடமாற்றி, துயருற்றவரையே துயருக்குப் பொறுப்பாக்குவது இவ்வறிவுரையின் பெருங்குற்றமாகும்.

எனினும் இவ்வாதத்தை இங்கேயே முடித்துவிடுதல் தகாது. ஏழையின் துயர் அனைத்தும் வறுமையால் விளைவது, சோறும் வீடும் கிடைத்தால் தீர்வது என்று கூறுவதும் மற்றோர் அநீதியாகும். அது அவருக்கு வயிறு உண்டு, மனம் இல்லை என்று கூறுவதற்கு ஒப்பாகும். வீட்டுச் சான்றிற்காக உறங்காத அத்தாய், தன் தந்தையின் சாவிற்கு ஊருக்குப் போக இயலாத குற்றவுணர்விலும் உறங்காதிருக்கலாம். முதல் துயருக்கு வழக்கறிஞர் தேவை. இரண்டாவதற்கு, கேட்கும் செவி தேவை. இரண்டையும் பிரித்தறியும் பொறுமையே ஆலோசகரின் முதல் அறம் எனலாம்.

இது இயலாத ஒன்றன்று. 1999இல் மும்பையில் மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் முயற்சியால் தோன்றிய சினேகா என்னும் அமைப்பு, தாராவியில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உளவள ஆலோசனையோடு மருத்துவ, காவல்துறை, சட்ட உதவிகளையும் இணைத்து வழங்கி வருகிறது. அகத்தையும் புறத்தையும் ஒருசேரக் கையாளும் முறை இது. பட்டம் பெற்ற உளவியலாளர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களாலும் மனச்சோர்வைக் குறைக்க இயலும் என்பதைக் கோவாவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வும் காட்டியது.

மாட்டுங்காவும் செம்பூரும்

எழுத்தர், கணக்கர், ஆசிரியர் ஆகிய பணிகளுக்கு வந்த தென்னிந்திய நடுத்தர வகுப்பினர் மாட்டுங்காவில் குடியேறிக் கோயில்களையும் கல்வி நிறுவனங்களையும் உணவகங்களையும் உருவாக்கினர். பின்னர் செம்பூரிலும் அத்தகைய வாழ்க்கை வேர்கொண்டது. இங்குத் துயரின் தோற்றம் வேறு. அமெரிக்காவில் மகன், ஆஸ்திரேலியாவில் மகள், மூன்றறை வீட்டில் முதியவர் இருவர் என்பது பழகிய காட்சியாகும். ஆழ்மன நூல்களை வாங்கிப் படிக்க இவர்களுக்கு வசதியுண்டு, தனியறையும் உண்டு, கேட்பதற்கு ஆளில்லை. தாராவியில் தனிமைக்கு இடமில்லை. இங்குத் தனிமைக்கு அளவில்லை. மேலும், 'எங்களுக்கு என்ன குறை' என்ற சொல்லால் துயரை மூடிவைக்கும் பழக்கம் வசதியுடையோரிடம் மிகுதி. அவ்வகையில் ஆழ்மனத்தைக் கேட்கும் வழி இவர்களுக்கும் அதே அளவு தேவையாகிறது.

தாய்மொழியும் ஆழ்மனமும்

மூன்று பகுதியினர்க்கும் பொதுவான சிக்கல் மொழியாகும். மும்பையின் பொது மருத்துவமனைகளில் உரையாடல் பெரும்பாலும் இந்தியிலோ மராத்தியிலோ நிகழ்கிறது. கடைவீதிக்குப் போதுமான இந்தி, துயரைச் சொல்லப் போதாது. கேத்தரின் ஹாரிஸ் முதலியோர் 2003இல் துருக்கி-ஆங்கில இருமொழியாளரிடம் செய்த ஆய்வில், சிறுவயதில் கேட்ட கடிந்துரைகளைத் தாய்மொழியில் கேட்டபோது அவர்களின் தோலின் மின்கடத்துதிறனில் தோன்றிய மாற்றம் பின்னர்க் கற்ற மொழியில் கேட்டபோது தோன்றியதைவிட மிகுதியாக இருந்தது. உணர்ச்சி தாய்மொழியின் சொற்களோடு உடலில் பிணைந்துள்ளது என்பதற்கு இது ஒரு சான்றாகும்.

'நெஞ்சு அடைக்குது', 'மனசு பாரமா இருக்கு', 'வயித்தெரிச்சல்', 'ஈரக்குலை நடுங்குது' என்பன வெறும் அணிநயங்கள் அல்ல. ஒவ்வொன்றும் வேறுபட்ட மனநிலையைக் குறிப்பது. 'வயித்தெரிச்சல்' என்று ஒரு தாய் கூறுவதை மொழிபெயர்ப்போர் இரைப்பை நோயாகக் கொண்டால், அவர் பெறுவது அமிலம் அடக்கும் மாத்திரையாகவே இருக்கும். 2018இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் சேவைகளில் மனநலப் பராமரிப்புப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியுள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்னும் அரசுத் தொலைபேசிச் சேவையில் (14416) தமிழிலும் பேசலாம். உரிமை வந்துவிட்டது; அதனைத் தமிழில் பயன்கொள்ளச் சொற்களஞ்சியம் இன்னும் தொகுக்கப்பட வேண்டியுள்ளது.

நிறைவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்து பெறப்படுகிறது. ஆழ்மனத்தோடு தொடர்புகொள்ளும் ஒரு முறை, துயருற்றவர் தம் துயரையும் அதன் காரணத்தையும் மேலும் தெளிவாகச் சொல்லத் துணைசெய்யுமாயின் அது அறத்தின்பாற்படும். காரணத்தை மறக்கச் செய்யுமாயின், அது எத்துணை இன்பம் தரினும் அறமன்று. இவ்வளவுகோலின்படி நெஞ்சோடு பேசுதல், ஒப்பாரி, எழுதுதல், பயிற்சி பெற்றவரின் உளவள ஆலோசனை ஆகியவை ஏற்புடையன. இவற்றுள் எதுவும் கடும் மனநோய்க்குரிய மருத்துவத்திற்கு மாற்றாகாது என்பதும் உடன் கூறத்தக்கது.

இப்பணியில் தமிழ்த்துறைகளுக்கும் பங்குண்டு. வட்டார வழக்குகளில் உள்ள உணர்ச்சிச் சொற்களையும் தொடர்களையும் பொருள் வேறுபாடுகளோடு தொகுத்து மருத்துவர்க்கும் ஆலோசகர்க்கும் வழங்குதல் ஆய்வு மாணவர்களால் இயலக்கூடியது. மெய்ப்பாட்டை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் தோன்றும் களங்களையும் வரையறுத்த தொல்காப்பியத்தின் வழிவந்த துறைக்கு இது புதிய பணியன்று. தாராவியின் ஒரு தாய் 'நெஞ்சு அடைக்குது' என்று சொல்லும்போது, எதிரில் இருப்பவர் அதனை நெஞ்சுநோய் என்று மட்டும் எழுதிவிடாமல், 'எப்போதிருந்து அம்மா?' என்று தமிழில் கேட்கும் நிலை உருவாக வேண்டும். ஆழ்மனம் பேசத் தொடங்குவதற்கு அத்தகைய ஒரு கேள்வி முதலில் வேண்டப்படுகிறது.