ஒற்றைப் பெற்றோர் குடும்பமும் கடன் என்னும் கருத்தும்

துணையை இழந்தோர் நிலையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் இரு துறைகளாகச் சுட்டுகிறது. காதலியை இழந்தவனது நிலை தபுதார நிலை. காதலனை இழந்தவளது நோன்பு நிலை தாபத நிலை. காஞ்சித்திணைக்குரிய இவ்விரு துறைகளும் இழந்தவரின் துயரையும் ஒழுக்கத்தையும் பேசுகின்றனவேயன்றி, அவர் கையில் எஞ்சிய குழந்தையைப் பேசவில்லை. குழந்தையைத் தனித்து வளர்ப்பவர் என்னும் நிலைக்கு அங்குத் தனிப்பெயர் இல்லை. இன்று வழங்கும் 'ஒற்றைப் பெற்றோர்' என்பதோ மொழிபெயர்ப்பில் பிறந்த தொடர். 'பெற்றோர்' இருவரையும் சேர்த்துணர்த்தும் பலர்பாற் சொல்லாதலின், 'ஒற்றை' என்னும் அடை அதனோடு முரணியே நிற்கிறது.

பெயர் இல்லாமையால் நிலையும் இல்லை என்று கொள்ளவியலாது. கணவனைப் போரில் இழந்த மறுநாளே ஒரே மகனையும் களத்திற்கு அனுப்பும் தாயை ஒக்கூர் மாசாத்தியார் பாடியுள்ளார் (புறம். 279). கோவலன் இறந்தபின் மணிமேகலையின் வாழ்க்கைப் போக்கை முடிவு செய்பவள் மாதவியே. ஆயின் அக்காலத்துத் தனித்த தாயை உருவாக்கியது பெரும்பாலும் இறப்பு. அந்நிலை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது எனலாம். 1951ஆம் ஆண்டளவில் இந்தியரின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 32 ஆண்டுகள்; இன்று அது ஏறத்தாழ 70. இளமையிற் கைம்மை குறைந்துள்ளது. அவ்விடத்திற்குப் பிரிவு வந்துள்ளது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மணவிலக்குப் பெற்றோரையும் பிரிந்து வாழ்வோரையும் வெவ்வேறாக எண்ணியது. மணவிலக்குப் பெற்றோர் ஏறத்தாழ 13.6 இலட்சம். பிரிந்து வாழ்வோர் அதனினும் இருமடங்குக்கு மேல். இரு பிரிவிலும் பெண்களே மிகுதி. நீதிமன்றத்தின் வாயிலை மிதிக்காமலே முறிந்த மணங்கள் முறையாக முறிந்தவற்றைவிடப் பல என்பதே இதன் பொருள். ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2019ஆம் ஆண்டு அறிக்கை இந்தியக் குடும்பங்களில் 4.5 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 1.3 கோடி, தனித்த தாயரால் நடத்தப்படுவன என்கிறது. அவ்வறிக்கையில் இதனினும் கூர்ந்து நோக்கத்தக்க எண் ஒன்று உண்டு. மேலும் 3.2 கோடித் தனித்த தாயர் பெற்றோர், உடன்பிறந்தார் முதலியோரின் இல்லங்களில் வாழ்கின்றனர் என்பதே அது. கதவிலக்கத்தை அலகாகக் கொண்டு எண்ணும் கணக்கில், தமையன் வீட்டின் பின்கட்டில் குழந்தையோடு வாழும் பெண் தனிக்குடும்பமாகத் தோன்றுவதில்லை. அவ்வீட்டின் 'குடும்பத் தலைவர்' தமையனே.

எனவே இங்கு எழும் அறவியல் வினா, குடும்பம் சிதைகிறதா என்பதன்று. கடனாற்ற வேண்டியவருள் ஒருவர் இல்லாதவிடத்து அவர் கடன் யாரைச் சாரும் என்பதே வினா. பொன்முடியாரின் புறப்பாட்டு (312) இவ்விடத்து மீண்டும் படிக்கத்தக்கது. தாய்க்கும் தந்தைக்கும் கடன் வகுத்ததைக் கொண்டு அதனை இருபெற்றோர் குடும்பத்தின் சாசனம்போல் மேடைகளில் எடுத்தாள்வது வழக்கம். பாட்டோ அவ்விருவரோடு நிற்கவில்லை. வேல் வடித்துத் தரும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் அதில் கடன் உண்டு. இறுதியில் இளைஞனுக்கும் உண்டு. ஒருவனை ஆளாக்குதல் ஐவரின் வினை. இருவரால் மட்டுமே அது முடியும் என்று பொன்முடியார் கூறவில்லை. ஐவரில் ஒருவர் விலகினால் அச்சுமை முழுவதும் தாயின் தலையில் விழும் என்றும் கூறவில்லை.

வேந்தன் கடனுக்கு அண்மைக்காலச் சான்று ஒன்று. கொரோனா பெருந்தொற்றுக்குப்பின் 2021இல் நடுவண் அரசு அறிவித்த சிறார்க்கான பி.எம். கேர்ஸ் திட்டம் பெற்றோர் இருவரையும் இழந்தோர்க்கும், முன்பே ஒருவரை இழந்து எஞ்சியிருந்தவரையும் தொற்றில் இழந்தோர்க்கும் உரியது. 2020 ஏப்ரல் முதல் பல காரணங்களால் பெற்றோருள் ஒருவரை இழந்த சிறார் 1,36,910 பேர், இருவரையும் இழந்தோர் 10,094 பேர் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2022 சனவரியில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. பெருந்தொகையினர் அத்திட்டத்திற்குப் புறத்தே நின்றனர். எஞ்சிய ஒருவர் இருவர் கடனையும் ஆற்றுவார் என்னும் எண்ணம் அதன் அடியில் உள்ளது. அது தாயைப் புகழ்வதுபோல் தோன்றினும், உண்மையில் அவள்மீது ஏற்றப்படும் சுமையே.

சட்டம் சில இடங்களில் முன்னே சென்றுள்ளது. 2015 சூலையில் உச்ச நீதிமன்றம், மணமாகாத தாய் குழந்தையின் தந்தைக்கு அறிவிப்பு அனுப்பாமலே காப்பாளராகலாம் எனத் தீர்ப்பளித்தது. தந்தை இன்னாரென அறியும் உரிமை குழந்தைக்கு உண்டென்பதையும் நீதிமன்றம் மறக்கவில்லை. தாய் கூறிய பெயர் உறையிலிட்டு முத்திரையிடப்பட்டது. நீதிமன்ற ஆணையின்றி அதனைப் படிக்கவியலாது. தாயின் மறைபொருளும் மகனின் உரிமையும் ஒன்றையொன்று அழிக்காவண்ணம் காக்கப்பட்டமை இத்தீர்ப்பின் நுட்பமாகும். 2016இல் கடவுச்சீட்டுக்குப் பெற்றோருள் ஒருவர் பெயரே போதும் என்றாயிற்று. 2018இல் வருமான வரி நிரந்தரக் கணக்கு எண்ணுக்கும், தாய் தனித்து வளர்ப்பவராயின், தந்தை பெயர் கட்டாயமில்லை என விதி திருத்தப்பட்டது.

தனித்த தந்தையைப் பற்றிய சிந்தனையோ மிகக் குறைவு. தனித்த பெண் எப்பால் குழந்தையையும் தத்தெடுக்கலாம்; தனித்த ஆண் பெண்குழந்தையைத் தத்தெடுக்கவியலாது என்கிறது 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம். இத்தடைக்குப் பின்னுள்ள அச்சம் பொருளற்றதன்று. எனினும் விண்ணப்பிப்பவரைத் தனித்தனியே ஆராய்ந்து முடிவு செய்யும் நடைமுறை இருக்கையில், ஆண் என்பதாலேயே ஒருவரை விலக்குவது வளர்ப்பைப் பெண்ணின் இயல்பென்று மீண்டும் அவளிடமே தள்ளுகிறது. பாரி மாய்ந்தபின் அவன் மகளிரை உடனழைத்துச் சென்று, இருங்கோவேளிடம் தந்தையின் தோழன் என்னும் உரிமையில் அவர்களைத் தம் மகளிர் என்றே கபிலர் அறிமுகப்படுத்துகிறார் (புறம். 201). இரத்த உறவோ மனைவியின் துணையோ அவர் அங்குச் சான்றாகக் காட்டவில்லை.