செபம் வறண்டு போனால்...

கேள்வி: ஃபாதர், சிறுவயதிலிருந்தே செபத்தில் ஊறி வளர்ந்தவள் நான். கொஞ்ச காலமாகச் செபமாலை சொன்னால் உதடு மட்டும்தான் அசைகிறது. திருப்பலியில் மனம் ஒட்டவில்லை. என் விசுவாசம் போய்விட்டதா?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: இல்லை அம்மா. உங்களுக்கு வற்றியிருப்பது உணர்வு. உணர்வு வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டவர் பக்கம் முகம் திருப்பி நிற்பதுதான் விசுவாசம். மனம் ஒட்டாதபோதும் செபமாலையைக் கையில் எடுக்கிறீர்களே, அதுவே போதிய சான்று.

கொல்கத்தா அன்னை தெரேசா 1997இல் இறந்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 2007இல், அவர் தம் ஆன்ம குருக்களுக்கு எழுதிய கடிதங்கள் நூலாக வந்தன. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் இறைவனின் அண்மையை உணர முடியாமல் தவித்ததை அவற்றில் எழுதியிருந்தார். அத்தனை ஆண்டுகளிலும் அவர் செபத்தை விடவில்லை. தெருவில் கிடந்தவர்களைத் தூக்குவதையும் விடவில்லை. திருச்சபை அவரை 2016இல் புனிதராக அறிவித்தபோது இந்த இருளையும் நன்றாக அறிந்தே இருந்தது.

கேள்வி: நான் செய்த ஏதோ பாவத்துக்குத்தான் ஆண்டவர் இப்படி விலகிவிட்டாரா?

பதில்: அப்படி அவசரமாக முடிவு கட்டாதீர்கள். லொயோலா இஞ்ஞாசியார் 1548இல் வெளியான தம் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் வறட்சிக்கு மூன்று காரணங்கள் சொல்கிறார். ஒன்று, நம் அசட்டை. செபத்தை நாமே தள்ளித் தள்ளிப் போட்டிருப்போம். அப்படியானால் ஒப்புரவு அருட்சாதனம் பெற்று, மறுபடி தொடங்கவேண்டியதுதான். இரண்டு, சோதனை. ஆறுதல் கிடைக்காதபோதும் இறைவனுக்கு எவ்வளவு தூரம் பணி செய்வோம் என்பது அப்போதுதான் தெரியும். மூன்று, செபத்தின் இனிமை நம் சாமர்த்தியத்தால் வந்ததல்ல, அவர் கொடை என்று நமக்குப் புரிவதற்காக. மூன்றில் ஒன்றுதான் நம் குற்றத்தைச் சார்ந்தது. மனச்சான்றைச் சோதித்துப் பாருங்கள். அசட்டை எதுவும் தென்படாவிட்டால் உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன், அன்பியப் பொறுப்பும் இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லாமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது வேஷம் போடுவதுபோல இருக்கிறது. விட்டுவிடட்டுமா?

பதில்: இப்போது வேண்டாம். வறட்சியில் இருக்கும்போது, அதற்கு முன் தெளிந்த மனதோடு எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பது இஞ்ஞாசியாரின் உறுதியான அறிவுரை. செப நேரத்தைக் குறைக்காதீர்கள். சிறிது கூட்டியே செபிக்கச் சொல்கிறார் அவர். வார்த்தை வரவில்லையா, 88ஆம் திருப்பாடலைச் சொல்லுங்கள். விடிவு எதுவும் காட்டாமல் இருளிலேயே முடியும் புலம்பல் அது. அதையும் திருச்சபை செபமாகவே வைத்திருக்கிறது.

எலியாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் வென்ற கையோடு, ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடி, சூரைச்செடியின் அடியில் சாவை வேண்டினார். வந்த வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா உண்டு உறங்கினார்; தூதர் மறுபடியும் எழுப்பி உண்ணச் சொன்னார். அதன் பிறகுதான் ஓரேபு மலைக்குப் பயணம். தாம் ஒருவரே மிஞ்சியிருப்பதாக அங்கே முறையிட்டவருக்கு, பாகாலுக்கு மண்டியிடாத ஏழாயிரம் பேர் உண்டு என்று ஆண்டவர் காட்டினார். எலிசாவைத் துணையாகவும் தந்தார்.

ஆகவே வேளைக்குச் சாப்பிடுங்கள், தூங்குங்கள். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலுமே பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இதை மனதுக்குள் பூட்டி வைக்காதீர்கள். சோதிப்பவனுக்கு வேண்டியதே நம் மௌனம்தான். இந்த வாரமே உங்கள் பங்குத்தந்தையிடமோ, நம்பிக்கையான அருள்சகோதரி ஒருவரிடமோ மனம் திறந்து பேசுங்கள். ஞாயிறன்று வகுப்புக்கும் தவறாமல் போங்கள்.