தூரம் என்கிற சாக்கு

தேசப்படத்தின் மேல் அடிக்கோலை வைத்துப் பார்த்தது தற்செயல்தான். மீனம்பாக்கத்திலிருந்து பலாலிக்கு நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். மதுரை விமான நிலையம் இதைவிட அறுபது கிலோமீட்டர் போல அதிகம். மதுரையைவிட யாழ்ப்பாணம் சென்னைக்குக் கிட்டே இருக்கிறது என்பதை இத்தனை வருஷம் நான் அறிந்திருக்கவில்லை. இது வெறும் பூகோள அறியாமைதானா என்பதுதான் என் கேள்வி.

அட்டவணை சொல்லும் பயண நேரம், விமானம் நின்ற இடத்தைவிட்டு அசைவதில் ஆரம்பித்து, போய்ச் சேர்ந்து நிற்பதோடு முடிந்துவிடுகிறது. முந்தியதும் பிந்தியதும் அதன் பிரக்ஞையில் இல்லை. சென்னை–பலாலிக்கு அந்தக் கணக்கில் ஒன்றேகால் மணி, சற்று முன்பின். 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானம், ஒரு டகோட்டா, ரத்மலானையில் கிளம்பி யாழ்ப்பாணம் வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. பின்னால் அந்த வழி அறுந்தது, யுத்தம் வந்தது. 2019இல் பலாலியை சர்வதேச விமான நிலையமாகத் திறந்து சென்னை விமானத்தை மறுபடி விட்டார்கள். 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது.

நடுவே போக வேண்டியவர்கள் கொழும்பு போய், அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 400 கிலோமீட்டர் சாலையில் வர வேண்டியிருந்தது. சென்னையையும் கட்டுநாயக்காவையும் அடிக்கோலால் இணைத்தால் கோடு யாழ்ப்பாணத்தின் மேலேயே விழுகிறது. போக வேண்டிய வீட்டின் கூரையைத் தாண்டிப் போய், தரை வழியே திரும்பி வந்து கதவைத் தட்டுவது.

அப்படி ஒரு வீடு எனக்கும் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் மாதிரிப் பத்திரிகைகளுக்கு அங்கிருந்து எழுதிக்கொண்டிருந்த நண்பர். 'வாருங்கள்' என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுவார். 'வழியில்லை' என்று நான் எழுதினேன். தொண்ணூறுகளில் அது பெரும்பாலும் உண்மை. 2002இல் ஏ9 பாதை திறந்தபோது உண்மையில்லை. அப்போது 'தூரம்' என்று எழுதினேன். சொல்லை மாற்றியதைக்கூட நான் கவனிக்கவில்லை.

தூரம் கூடக்கூடக் கடமை குறைகிறது என்று நாம் நம்புகிறோம். அனுபவத்தில் பெரும்பாலும் தலைகீழாக நடப்பதாகவே எனக்குப் படுகிறது. கடமை கனக்கிற இடத்தில் தூரத்தை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். இதே காலத்தில் நியூ ஜெர்சியிலுள்ள மகன் வீட்டுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். வீட்டிலிருந்து வீட்டுக்கு ஒரு முழு நாளுக்கு மேல். அதை ஒரு தடவைகூடத் தூரம் என்று சொன்னதில்லை. கால் வீங்குகிறது என்றுதான் சொன்னேன். அங்கே பேரன் இருந்தான். இங்கே, என்ன கேட்பது, எதற்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் உட்கார வேண்டிய ஒரு திண்ணை இருந்தது. யுத்தம் முடிந்த பிறகு அந்தத் திண்ணைமேல் என் பயம் அதிகமாயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாதை திறந்திருந்தது காரணமாகவே.

2013இல் அவர் காலமானார்.

போன வருஷம் பலாலி விமானத்தில் போனேன். கடலைச் சரியாகப் பார்ப்பதற்குள் பனைகள் வந்துவிட்டன. அவர் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு, "வந்துசேர எவ்வளவு நேரம் எடுத்தது, அண்ணை?" என்று கேட்டார்.

"ஒன்றேகால் மணி நேரம்."

"அவ்வளவுதானோ?" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனார்.