பழைய குடிலும் பற்றற்ற துய்ப்பும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் பாதையில் மலையேற்றம் தொடங்குமிடம் கல்லாறு. இங்கிருந்து 22 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால், ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்திலுள்ள பொன்முடியை அடையலாம். ஒரு காலத்தில் திருவிதாங்கூர் மன்னரும் தேயிலைத் தோட்டத் துரைமாரும் கோடை வெப்பத்துக்கு அஞ்சி நாடிய மலை அது. இப்பக்கத்தில் ஒரு பழைய கோடைக் குடிலை நம்மவருள் ஒருவர் வாங்கிச் செப்பனிட்டு, ஆண்டுதோறும் சில நாள் தங்கி மகிழ விரும்பினால், அது தம்மத்துக்கு ஒக்குமா? பற்றை விடுக என்னும் நெறியில் நிற்போர் வீட்டின்மேல் ஆசை வைக்கலாமோ?

பகவான் இல்லறத்தாரை நோக்கி, இன்பத்தை வெறுத்தொதுக்குக என்று கூறினாரில்லை. அநாதபிண்டிகருக்கு அவர் நால்வகை இன்பங்களை எடுத்துரைத்தார். அறவழியில் உழைத்து ஈட்டிய பொருளை உடைமையாகப் பெறுதல், அதனைத் தாமும் துய்த்து அறமும் செய்தல், கடனின்றி வாழ்தல், மனமொழி மெய்களால் குற்றமின்றி வாழ்தல் என்பன அவை. முன்னைய மூன்றும் சேர்ந்தும் நான்காவதன் பதினாறில் ஒரு பங்கிற்கும் ஈடாகா என்றும் அருளினார். ஆகவே குடிலைத் துய்ப்பது குற்றமன்று. குற்றத்தோடு துய்ப்பதே குற்றம்.

அக்குற்றம் எங்கே நுழைகிறது? விநய நூல் ஒரு செய்தி கூறுகிறது. ஆளவி நகரத்துப் பிக்குகள் குடில் கட்டுவதற்காக ஓயாது இரந்தனர். அதனால் மக்கள் தொலைவில் பசுவைக் கண்டாலும் பிக்குவென்று எண்ணி ஓடினராம். அதன்பின் பகவான் குடிலுக்கு நீளம் 12 சாண், அகலம் 7 சாண் என அளவு வகுத்தார். சாண் என்பது சுகதரின் சாண். குடில் அமையுமிடம் பிற உயிர்க்கு ஊறு செய்யாததாய் இருத்தல் வேண்டுமென்றும் விதித்தார். இவ்விதி பிக்குகளுக்குரியதேனும் அதன் உட்பொருள் நமக்கும் உரியது. ஒருவர் வீடு மற்றொருவர்க்குச் சுமையாதல் ஆகாது.

செப்பனிடும் வேலையே ஒரு போதனை. கல்லாற்றுப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். ஓடு விலகினால் நீர் இறங்கும், கைமரம் உளுக்கும், ஈரம் ஏறிய மரத்தைக் கரையான் தேடிவரும். பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரே கெடும். அங்கே சுண்ணாம்புக் காரையே தக்கது. கரையானை நஞ்சிட்டுக் கொல்வதினும் மரத்தில் ஈரம் ஏறாது காப்பதே முதல் சீலத்துக்கு ஏற்றது. இத்தனையும் செய்தபின்னும் குடில் ஒருநாள் அழியும். அதை அறிந்தும் இன்றைக்குரிய ஓட்டை ஒழுங்காக வேய்கிறவனே அநித்தியத்தை உணர்ந்தவன். அழியப்போவதுதானே என்று வாளாவிருப்பவன் சோம்பேறி. அழியவே அழியாது என்று பூட்டிக் காப்பவன் மூடன்.

அன்பர்களே, பூட்டைப் பற்றி நாம் இன்னும் சிறிது சிந்தித்தல் வேண்டும். திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாகும்வரை, தாழ்த்தப்பட்டோர்க்குக் கோயிற்கதவு அடைபட்டிருந்தது. நடக்கும் தெருவும் சிலவிடத்து மறுக்கப்பட்டது. நம்மில் பலருடைய முன்னோர் இத்தகைய கதவுகளுக்கு வெளியே நின்றவர்கள். இன்று திறவுகோல் நம் கையில் வந்தபின், நாமும் அதே கதவை அடைப்போமாயின் மாறியது யாது? ஆள் மாறிற்று, அறம் மாறவில்லை.

ஆண்டு முழுவதும் குடிலைக் காப்பவன் நாமல்லோம். அங்குள்ள காவற்காரனும் அவன் குடும்பமுமே. அவர்கள் தங்கும் பின்கட்டு ஒழுகும்போது நம் முன்கூடத்துக்கு மெருகேற்றுவது குற்றமின்மை இன்பம் ஆகாது. முதல் ஓடு அவர்கள் கூரைக்கே செல்லட்டும். நாம் தங்காத மாதங்களில் நோயுற்று எழுந்தவர்க்கும், பயிலும் பிள்ளைகளுக்கும், தியானம் செய்வோர்க்கும் அக்கதவு திறக்கட்டும்.

இம்மலைத்தொடர் நமக்கு அயலானதன்று. இதிலுள்ள பொதிகையே அகத்தியரின் மலை. அவர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டாரென வீரசோழியம் கூறும். கருணை உருவான போதிசத்துவரோடு தொடர்புற்ற மலைப்பக்கத்தில் கருணையற்ற வீடு ஒன்று நமக்கு எதற்கு? குளிர், வெப்பம், காற்று, கொசு இவற்றினின்று காத்துக்கொண்டு தனிமையில் மனத்தை அடக்கவே உறையுள் என்றார் ததாகதர். அவ்வெண்ணத்தோடு திண்ணையில் அமர்ந்து ஆற்றொலி கேட்பவர் மகிழ்க. அம்மகிழ்ச்சியில் பிறர்க்கும் இடம் தருக.

எல்லா உயிர்களும் நலமுறுக!