சந்தேகத்தின் பலன் யாருக்கு?

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். கொலை வழக்குக்கு இது நல்ல விதிதான். ஆனால் யாருடைய கண் பொய், தீர விசாரிப்பது யார் என்கிற கேள்வியை நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட்டு 1970இல் கோபாலகிருஷ்ண நாயுடுவையும் வேறு சிலரையும் தண்டித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நிறைய நிலம் உள்ள மிராசுதார்கள் வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. இது கண்ணைப் பற்றிய சந்தேகமா? வெளிச்சம் எவ்வளவு, தூரம் எவ்வளவு, முன்பழக்கம் உண்டா என்பதுதான் கண்ணிடம் கேட்கிற கேள்வி. இங்கே சந்தேகம் அந்தஸ்துக்குச் செய்த மரியாதையாகிப் போனது.

அதற்காக, 'நம்ம சனம் சொன்னா போதும், தண்டிச்சிரு' என்று கேட்கலாமா? கூடாது என்கிறேன். தோழர்கள் சிலருக்குக் கோபம் வரும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

2003இல் மகாராஷ்டிரத்தில் அய்ந்து பேர் கொல்லப்பட்டார்கள். நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கு 2009இல் உச்சநீதிமன்றம் தூக்கு என்றது. உயிர் தப்பிய பெண், போலீஸ் காட்டிய போட்டோக்களில் முதலில் அடையாளம் சொன்னது வேறு நான்கு பேரை. அதைப் போலீஸ் சரியாக விசாரிக்கவே இல்லை. 2019இல் அதே நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்தது. அந்தப் பெண் பொய் சொன்னார் என்று சொல்ல வேண்டியதில்லை. பயத்தில் பார்த்த புதுமுகம், நாளாக நாளாக, போலீஸ் நிறுத்திக் காட்டுகிற முகமாக மாறிவிடக் கூடும். நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பினுடையது என்கிற விதியைத் தளர்த்தினால் முதலில் மாட்டுவது நம்ம பிள்ளைகதான்.

ஆகவே பிரித்துப் பார்க்கணும். ராத்திரியில் வந்த அந்நியனை ஒரு நிமிசம் பார்ப்பது வேறு. பிறந்ததிலிருந்து யார் வயலில் வேலை செய்கிறோமோ, அவரை நடையிலும் குரலிலும் தெரிந்துகொள்வது வேறு.

இன்னொன்று. அரசு சுமக்க வேண்டிய பாரத்தை ஒற்றைச் சாட்சியின் தலையில் ஏற்றக் கூடாது. வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகிற பெண் சாட்சி சொல்ல ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனால் அன்றைக்குக் கூலி போச்சு. வாய்தா போட்டால் இன்னொரு நாள் கூலியும் போச்சு. எதிரித் தரப்போ தினமும் எதிரில் வருகிறது. கடைசியில் 'பிறழ்சாட்சி' என்று எழுதிவிடுவது சுலபம். 2015இல் கொல்லப்பட்ட கோகுல்ராஜ் வழக்கில் முக்கிய சாட்சி பிறழ்ந்தார். ஆனாலும் திருச்செங்கோடு கோயில் கேமராப் பதிவு உள்ளிட்ட ஆதாரங்களைக் கோத்து 2022இல் மதுரைத் தனி நீதிமன்றத்தில் தண்டனை வாங்க முடிந்தது. யுவராஜின் ஆயுள் தண்டனையை 2023இல் உயர்நீதிமன்றமும் உறுதி செய்தது. உழைத்தால் முடியும்.

நாம் சலுகை கேட்கவில்லை. சந்தேகம் இருக்கட்டும், அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும். முதலாளிக்கு எதிராக நம்ம அக்கா கூண்டில் நிற்கும்போது கேட்கிற அத்தனை கேள்வியையும், நம்ம தம்பிக்கு எதிராக இன்னொருவர் நிற்கும்போதும் கேளுங்கள்.